ஜன்னலுக்கு மேலே கரி

பழைய ரயில் நிலையத்தின் அந்த மேசை அகல மாதிரியின் கல்சுவரில், காத்திருப்பு அறை ஜன்னலுக்கு மேலே மட்டும் கரி படிந்ததுபோல் ஜெசிந்தா வண்ணம் தீட்டியிருந்தாள். பழைய நிலையம் எரிந்த அன்று அவள் அண்ணன் அந்த அறைக்குள்தான் இருந்தான். கதவு வெளியே பூட்டியிருந்தது.

“புது ஸ்டேஷன் திறப்பு விழாவுல வைக்கப்போற மாடல்மா இது. அந்தக் கறுப்பைத் துடைச்சிடுங்க” என்றார் அதிகாரி.

“நீங்களே துடைங்க சார்.” ஈரத்துணியை நீட்டினாள்.

காய்ந்த அக்ரிலிக் வண்ணம் தண்ணீருக்கெல்லாம் அசையாது என்று அவருக்குத் தெரியாது. தேய்த்தார். புழுதிபோல் தெரிவதற்காக அவள் கரிமேல் தூவியிருந்த சாக்பீஸ் தூள்தான் துணியோடு வந்தது. கரி இப்போது பளிச்சென்று தெரிந்தது.

“இன்னும் நல்லா அழுத்தித் தேய்ங்க சார்” என்றாள்.