மூன்றாம் மாடி வண்டி

"சலவைப் பிரிவா?"

நிர்வாகி விண்ணப்பத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். மருத்துவமனையின் டேட்டா அனலிடிக்ஸ் பிரிவில் காலியாக இருந்தது ஒரே ஒரு இடம். காலையிலிருந்து நேர்காணலுக்கு வந்துபோனவர்கள் எல்லாரும் பெரிய பெரிய படிப்புக்காரர்கள். இவளோ பகலில் கீழ்த்தளத்தில் அழுக்குத் துணி அள்ளிவிட்டு, மாலைக் கல்லூரியில் வரலாறு படிக்கிறவள்.

"ஆமா சார். டேட்டா வேலையை லைப்ரரி கம்ப்யூட்டர்ல நானே கத்துக்கிட்டேன்."

"உங்க சூப்பர்வைசர் எழுதியிருக்கறதைக் கேளு. 'தினமும் ஒரு நோட்டைப் பார்த்து, தனக்கு வேண்டிய வண்டியைப் பொறுக்கி எடுத்துக்கொள்பவர்.' நிஜமா?"

"நிஜம்தான் சார்."

இப்படிப் பட்டென்று ஒத்துக்கொண்டால் வேலை கிடைத்த மாதிரிதான்!

பக்கத்தில் இருந்த பிரிவுத் தலைவி நிமிர்ந்தார். "என்ன வண்டிம்மா?"

"பெட்ஷீட் அள்ளிட்டு வர்ற வண்டி மேடம். ரெண்டாம் மாடிக்கு ஒருத்தர், மூணாம் மாடிக்கு ஒருத்தர். ரெண்டு மணிக்கு மேல போவோம். எதுல அதிகம் இருக்கும்னு எனக்குக் காலையிலயே தெரிஞ்சிடும்."

"எப்படி?"

"லிஃப்ட் பக்கத்துல ஆபரேஷன் லிஸ்ட் ஒட்டுவாங்க, அதைப் பாப்பேன். மழை பெஞ்சா மூணாம் நாள் குழந்தைங்க வார்டு ரொம்பிடும். எல்லாத்தையும் எழுதி வச்சுக் கூட்டிக் கழிச்சுப் பாப்பேன்."

"சரி, இன்னைக்கு மூணாம் மாடியில எத்தனை அழுக்கு பெட்ஷீட்?"

நோட்டைப் பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது. "எண்பத்திரெண்டு."

தலைவி கணினியைத் தட்டினார். "நம்ம புரோகிராம் அறுபத்தொண்ணுங்குது."

நிர்வாகிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மூன்றாம் மாடி நர்ஸுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். எதிர்முனையில் எண்ணி முடிக்க ஐந்து நிமிடம் ஆனது.

"எண்பத்திநாலு இருக்கு சார். எதுக்குக் கேக்கறீங்க?"

நிர்வாகியின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. இருபது வருஷமாக எண்களோடு குப்பை கொட்டிய தலைவி நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"மூளை இருக்கு, ஒத்துக்கறேன்" என்றார் நிர்வாகி. "ஆனா அதை எதுக்குச் செலவழிச்சிருக்கா? லேசான வண்டியை நைசா எடுத்துக்கிட்டு, கூட இருக்கறவ தலையில பாரத்தைக் கட்டறதுக்கு! இவ கையில நோயாளிங்க விவரத்தைக் குடுக்கறதா?"

அவள் நோட்டை மூடிக்கொண்டாள்.

தலைவி நோட்டை வாங்கிப் புரட்டினார். ஒவ்வொரு தேதிக்கும், மாடிக்கு ஒன்றாக, இரண்டு எண்கள். ஒன்றைச் சுற்றி வட்டம்.

"இந்த வட்டம்?"

"நான் எடுத்த வண்டி மேடம்."

புரட்டிக்கொண்டிருந்த கை நின்றது. "சார், இதைப் பாருங்க. வட்டமெல்லாம் பெரிய எண்ணுலதான் இருக்கு."

நிர்வாகி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து விரலை ஓட்டினார். ஒரு நாள்கூடத் தப்பவில்லை. தன் நாக்கைத் தானே கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது அவருக்கு. பேனாவை எடுத்து விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார்.

"நாளைக்கே மேல வந்துடும்மா. இனிமே நீ டேட்டா பிரிவு."

அவள் முகம் மலர்ந்தது. அடுத்த நொடியே வாடியது.

"பத்து நாள் கழிச்சு வரட்டுமா சார்?"

"என்ன விளையாடறியா? வெளியில எத்தனை பேர் காத்துக்கிட்டிருக்காங்க தெரியுமா? நாளைக்கு வரலேன்னா இடம் அடுத்த ஆளுக்குப் போயிடும்!"

அவள் கண் கலங்கியது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு மணி ஆகப் போகிறது. கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"கூட வேலை செய்யற அக்காவுக்கு வயித்துல ஆபரேஷன் ஆகியிருக்கு சார். தெரிஞ்சா வேலையை விட்டு நிறுத்திடுவாங்கன்னு மறைச்சு வச்சிருக்காங்க. ஆறு மாசத்துக்கு கனமா எதையும் தள்ளக் கூடாதாம்... இன்னும் பத்து நாள் பாக்கி இருக்கு."