காசியில் கோலா கரடி

சீனு வடையைப் பிய்த்து சாம்பாரில் தோய்த்த நேரத்தில், அம்மா ஒரு கோலா கரடியைக் கட்டிக்கொண்டு நிற்கும் படம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்தது.

ஜெயநகர் தர்ஷினி ஓட்டலில் நின்றபடி சாப்பிடும் மேஜை. சீனு விரல் எண்ணெயைக் கைக்குட்டையில் துடைத்துவிட்டுப் படத்தைப் பெரிதாக்கினான்.

அம்மாதான். மாம்பழக் கலர் புடவை, மேலே ஸ்வெட்டர். நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, கைக்குழந்தை மாதிரி, சாம்பல் நிறத்தில் அது. பின்னால் பலகையில் ஏதோ வனவிலங்குப் பூங்கா, பிரிஸ்பேன் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

அடுத்த நொடி படத்தைக் காணவில்லை. செய்தி நீக்கப்பட்டது என்ற ஒரு வரி மட்டும் மிச்சம்.

அம்மாவும் அனுஷாவும் காசிக்குப் போயிருக்கிறார்கள்.

அதாவது, சீனு அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

மாமியாரும் மாட்டுப்பெண்ணும் சேர்ந்து யாத்திரை கிளம்பியதில் சொந்தபந்தமெல்லாம் மூக்கின் மேல் விரல் வைத்தது. கும்பகோணத்திலிருந்து அம்மாவின் அண்ணா ஸ்ரீகண்டன் மாமா போன் செய்து ஆசீர்வாதம் பண்ணினார். ஏர்போர்ட்டில் கொண்டு விடுகிறேன் என்று சீனு சொன்னதற்கு, கேப் சொல்லியாச்சு என்றாள் அனுஷா. ஜூன் மாதக் காசிக்கு ஸ்வெட்டர் எதற்கு என்று அவன் கேட்கவே இல்லை.

கல்யாணமான புதிதில் அனுஷா ஒரே ஒரு இடம்தான் கேட்டாள். ஆஸ்திரேலியா போய்க் கோலாவைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். முடிந்தால் தூக்கிக்கொள்ள வேண்டும்.

அடுத்த வருஷம் என்றான் சீனு. அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் அதையே சொன்னான். போன தீபாவளிக்கு மட்டும், வீடு நிறைய விருந்தாளிகள் இருக்கும்போது, கொஞ்சம் மாற்றிச் சொன்னான்.

"நாள் பூரா தூங்கற ஒரு பிராணியைப் பாக்க அவ்ளோ தூரம் போகணுமா? ஞாயித்துக்கிழமை என்னைப் பாரேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அனுஷா காலித் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பின்னாலேயே அம்மாவும் போனாள்.

இப்போது சீனுவுக்குக் காது சூடேறியது. அனுஷா சொல்லாமல் போனதையாவது புரிந்துகொள்ளலாம். பெற்ற அம்மா! சுவாமி விளக்கு முன்னால் நின்று, விஸ்வநாதரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கும்பிட்டுவிட்டுப் போனவள்.

அம்மாவைக் கூப்பிட்டான்.

"சொல்லுடா," என்றாள் அம்மா. "இப்பதான் கங்கைல குளிச்சுட்டுக் கரையேறினோம். ஒரே குளிர்."

அவளுக்குப் பின்னால் ஒரு பெண் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கையை இப்படி வைத்துக்கொள்ள வேண்டும், ஆடாமல் நிற்க வேண்டும், அதுவே பிடித்துக்கொள்ளும். உடனே அனுஷாவின் சிரிப்பு கேட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல், பொத்துக்கொண்டு வந்த சிரிப்பு.

அதைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று யோசித்ததில், கேட்க வைத்திருந்த கேள்வி சீனுவின் வாயிலேயே நின்றுவிட்டது.

"சாப்ட்டேளா?" என்று மட்டும் கேட்டான்.

"ஆச்சு ஆச்சு. வெச்சுடறேன், படகு வந்துடுத்து."

மேஜை துடைப்பவர் தட்டைப் பார்த்துக் கை நீட்டினார். "ஆய்தா சார்?"

இன்னும் சாப்பிட்டு முடியவில்லை என்று தலையாட்டினான். அதற்குள் குழுவில் ஸ்ரீகண்டன் மாமா வந்திருந்தார். 'சீதா, என்னமோ படம் போட்டு அழிச்சுட்டயே. எந்தக் கோயில்?'

அம்மா எழுதிக்கொண்டிருப்பதாகப் போன் காட்டியது. நின்றது. மறுபடி எழுதினாள். மறுபடி நின்றது. மகனிடம் சரளமாக வந்த பொய் அண்ணாவிடம் வரவில்லை போலிருக்கிறது.

மாமாவுக்குத் தெரிந்தால் மதியத்துக்குள் கும்பகோணம் முழுக்கத் தெரிந்துவிடும். அப்பா போய் இரண்டு வருஷம் ஆகவில்லை, அதற்குள் சீதாலட்சுமி கடல் தாண்டிப் போய்க் கரடியைக் கொஞ்சுகிறாள் என்பார்கள். கடைசியில் எல்லாம் அனுஷா தலையில் வந்து விடியும். கூட்டிக்கொண்டு போனவள் அவள்தானே.

சீனு வடையைத் தள்ளி வைத்தான். இரண்டு கட்டை விரல்களாலும் வேகமாக அடித்தான்.

'காசில ஒரு குரங்கு அம்மா மேல ஏறிடுத்து மாமா. கடிக்கல. யாரும் பயப்பட வேண்டாம்னுதான் படத்தை அழிச்சுட்டா.'

அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

பிறகு மாமா எழுதினார். 'சாட்சாத் ஆஞ்சநேயர். இந்த அனுக்கிரகம் எல்லாருக்கும் கிடைக்காது. சீதா, நீ பாக்கியசாலி.' அதன் கீழே மாமி வரிசையாகக் கும்பிடும் கைகளைப் போட்டாள்.

சீனு கவுண்டருக்குப் போய் ஒரு காபி வாங்கிக்கொண்டு வந்தான். டம்ளரை மேஜையில் வைக்கும்போது போன் மறுபடி அதிர்ந்தது. இந்தத் தடவை குழுவில் இல்லை. தனியாக, அனுஷாவிடமிருந்து ஒரு படம்.

கண்களை இறுக்க மூடிக்கொண்டு அவள் நிற்கிறாள். அவள் தோளில் தலை சாய்த்து ஒரு கோலா தூங்குகிறது.

இதையும் அழித்துவிடுவாளோ என்று சீனு காபியைத் தொடாமல் பார்த்துக்கொண்டே நின்றான்.

அழிக்கவில்லை. கீழே ஒரு வரி வந்தது.

'எனக்கும் அனுக்கிரகம் ஆயிடுத்து.'