தாழிக்குள் இருந்த மண்

ஊருக்கு வெளியே இருந்த பழங்காலப் புதைமேட்டுக்குத் தொல்லியல் துறை வேலி போட்டதும் ஆவுடையப்பன் தானாகவே அவர்களுக்குத் தகவல் சொன்னார். பழம்பொருள் ஆசையில் எட்டு வருடம் முன்பு அங்கே தோண்டி எடுத்த முதுமக்கள் தாழி அவர் வீட்டு ஹாலில் இருந்தது. அலுவலர் நஸீமா வந்து உள்ளே கைவிட்டுப் பார்த்தார். சோப்புப் போட்டுக் கழுவியிருந்தது.

“உள்ள இருந்த மண் எங்க சார்? எலும்பு, தானியம் எல்லாம் அதுலதான இருக்கும்?”

“வெறும் மண்ணுதான மேடம்! மாடியில ரோஜாத் தொட்டியில போட்டுட்டேன். செடி என்னமா பூக்குது தெரியுமா?”

நஸீமா மாடிக்குப் போய்த் தொட்டியைக் கவிழ்த்துச் சலித்தார். வேர்களுக்கிடையே ஒரு பல் சிக்கியிருந்தது. குழந்தையின் பால்பல்.

காபி கொண்டுவந்த ஆவுடையப்பனின் மனைவி கோமதி, டம்ளரை மாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டுத் தலையிலிருந்த ரோஜாவை மெல்ல எடுத்தார். அதைக் கீழே போடவும் அவரால் முடியவில்லை.