இரண்டு கோளாறுகள்

“கப்பல் ஞாயித்துக்கிழமை கரைக்கு வந்துடும் தம்பி. வந்த உடனே பையன் கூப்பிடுவான். அதுக்குள்ள இதைச் சரி பண்ணிக் குடுத்துடுங்க” என்றாள் அந்த அம்மா, மெக்கானிக் செருப்பைக் கழற்றி முடிப்பதற்குள்.

“ஆமாமா, எவ்வளவு நேரமானாலும் பரவாயில்ல, இருந்து பாருங்க” என்று ஒத்து ஊதினார் அவள் கணவர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். உட்கார்ந்தே உழைத்த உடம்பு, நிற்கும்போதும் கொஞ்சம் குனிந்தே இருந்தது.

கம்ப்யூட்டர் ஜன்னலோரம் ஒரு மேஜையில் இருந்தது. திரைமேல் பூப்போட்ட துணி மூடியிருந்தது. எதிரே இரண்டு நாற்காலிகள் ஒட்டிக் கிடந்தன, ஒன்றில் முதுகு வலிக்கு ஒரு தலையணை.

“ஏம்மா, போன்ல பேசலாமே?”

“எங்க போன் பழைய பட்டன் போன் தம்பி. கப்பல்லேர்ந்து இதுல மட்டுந்தான் கூப்பிடுவான். இதுல பார்த்தாத்தான் எளைச்சிருக்கானா, ஒழுங்கா சவரம் பண்ணியிருக்கானான்னு எல்லாம் தெரியும்.”

மெக்கானிக் பொத்தானை அழுத்தினான். விளக்கு இல்லை, விசிறிச் சத்தம் இல்லை. பாதி வீடுகளில் கோளாறு கம்ப்யூட்டரில் இருக்காது, சுவரில்தான் இருக்கும். டெஸ்டரைச் செருகிப் பார்த்தான். சுவரில் கரண்ட் நன்றாகவே வந்தது.

அடுத்து பிளக்கைக் கையில் எடுத்தான், உள்ளேயே ஃப்யூஸ் வைத்த வெளிநாட்டு வகை. அதன் திருகின் தலை, கத்தி முனையால் நோண்டியது போலக் கீறலாக இருந்தது. திறந்தால் உள்ளே ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடம் காலி.

“ஃப்யூஸே இல்லையே!” என்று சிரித்துக்கொண்டே பையிலிருந்து புதிதாக ஒன்றைப் போட்டான். “இதுக்குப் போயா இத்தனை கவலைப்பட்டீங்க?”

அந்த அம்மா சிரிக்கவில்லை. “டீ போடறேன்” என்று சமையலறைக்குப் போய்விட்டாள்.

மறுபடி பொத்தானை அழுத்தினான். அப்போதும் கம்ப்யூட்டர் கல்லுப் பிள்ளையாராக உட்கார்ந்திருந்தது.

சரி, இது வேறு ஏதோ என்று பக்கவாட்டு மூடியைக் கழற்றினான். தூசிக்கு நடுவே, போர்டுக்குக் கரண்ட் கொண்டுபோகும் பட்டையான வயர்க்கட்டு தனியே தொங்கிக்கொண்டிருந்தது. கொக்கியை அழுத்திப் பிடித்து இழுத்தால்தான் அது வரும். தானாகக் கழன்று விழாது.

அதை ‘டக்’கென்று பொருத்திவிட்டுப் பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனான். பெரியவர் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஸ்டியரிங் பிடித்த கை, இரும்பாக இருந்தது.

“வேணாம் தம்பி. போட்டுடாதீங்க.”

“சார்?”

சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். “எனக்கு இதுல ஒரு எழவும் தெரியாது. மூடியைக் கழட்டி, கைக்குச் சிக்குன வயரைப் புடுங்கி விட்டேன், அவ்வளவுதான். பையன் இல்ல தம்பி. புயல்ல கடலுக்குள்ள போயிட்டான். தேடித் தேடிப் பார்த்துட்டு விட்டுட்டாங்க. கம்பெனிக்காரங்க எனக்குப் போன் பண்ணிச் சொன்னாங்க.”

மெக்கானிக்குக் கையில் இருந்த திருப்புளியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

“அவளுக்கு இப்பத்தான் நெஞ்சுல ஆபரேஷன் ஆச்சு. டாக்டர், அதிர்ச்சியா எதுவும் சொல்லிடாதீங்கன்னு சொல்லியிருக்காரு. கம்ப்யூட்டரைச் சரி பண்ணுங்கன்னு அவ கேட்டா. முடியாதுன்னா சந்தேகப்படுவா. அதான் உங்களைக் கூப்பிட்டேன். கொஞ்சம் தேறட்டும், நானே பக்குவமாச் சொல்லிக்கறேன். அதுவரைக்கும்...” கண்ணாடியைக் கழற்றி, அழுக்கே இல்லாத அதைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

டம்ளர் சத்தம் நெருங்கியது. மெக்கானிக் அந்த வயரைப் பிடுங்கி, இருந்த மாதிரியே தொங்கவிட்டான்.

“என்ன தம்பி, ஆச்சா?”

“இல்லம்மா.” பதினைந்து வருஷத் தொழிலில் பொய் சொல்ல இத்தனை சிரமப்பட்டதில்லை. “போர்டே போயிடுச்சு. ரொம்பப் பழைய மாடல், இதுக்கு இப்ப சாமானே வர்றதில்ல.”

“அப்படியா?” டீயை அவன் கையில் கொடுத்தாள். கணவர் பக்கம் திரும்பினாள். “சரி விடுங்க. அதுக்கு எதுக்கு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கறீங்க? அவன் எங்க போயிடப் போறான்? மெதுவாப் பேசிக்கலாம்.”

பெரியவர் சடக்கென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “இதை நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க தம்பி” என்றார் தெருவைப் பார்த்தபடி.

பெட்டியைச் சுமந்துகொண்டு மெக்கானிக் மாடிப்படி இறங்கினான். கனமே இல்லாத பெட்டி அன்று கனத்தது. பாதிப் படியில், பின்னால் யாரோ மூச்சு வாங்க இறங்கி வரும் சத்தம் கேட்டது. அந்த அம்மாதான்.

“படியெல்லாம் இறங்கலாமாம்மா? ஏதாவது விட்டுட்டு வந்துட்டேனா?”

“ஒண்ணுமில்ல தம்பி.” கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றாள். மேலே கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்தாள். “இது இனிமே ஓடவே ஓடாதில்ல?”

“ஓடாதும்மா. மன்னிச்சுக்கோங்க.”

“நல்லதாப் போச்சு.” உள்ளே அடக்கி வைத்திருந்த மூச்சு அவளிடமிருந்து மெல்ல வெளிவந்தது. “இவர்கிட்ட சும்மா ஒப்புக்குத்தான் கேட்டேன். நிஜமாவே உங்களைக் கூட்டிட்டு வந்துட்டாரு, நீங்க ஃப்யூஸைப் போட்டதும் பயந்தே போயிட்டேன். கப்பல்ல அவன்கூட வேலை பார்த்தவனோட சம்சாரம் என்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டா.”

மெக்கானிக் பெட்டியைப் படியில் இறக்கி வைத்தான்.

“பையன் போயிட்டது அவருக்குத் தெரியாது தம்பி!”