போர்வைக்குள் நாற்காலி

"என்னங்க, ஆபீசர் வண்டி தெருவுக்குள்ள வந்துடுச்சு. அந்தப் போர்வையை எடுங்க."

சலூன்காரர் எடுப்பதற்குள் அவர் மனைவியே பிடுங்கி, கடையில் இருந்த ஒரே சுழல் நாற்காலியைத் தலையோடு காலாகப் போர்த்திவிட்டாள். மேலே இரண்டு கட்டு பழைய பேப்பர் வேறு.

மூன்று வருட வரி பாக்கி. முதுகுவலியில் அவர் படுத்திருந்த இரண்டு மாதமும் கடை திறக்கவே இல்லை. இன்றைக்குத்தான் திறந்திருக்கிறார், இன்னும் போணி ஆகவில்லை. டி.வி. போகட்டும், பீரோ போகட்டும். நாற்காலி போனால் பிழைப்பே போச்சு.

வரி வசூல் அதிகாரி உள்ளே வந்தார். பின்னால் சாமான் தூக்க இரண்டு பேர். முகத்தில் மருந்துக்கும் சிரிப்பு இல்லை. கடையை ஒட்டிய வீட்டுக்குள் போய் டி.வி.யை எழுதினார், பீரோவை எழுதினார். திரும்பி வந்தவரின் பார்வை போர்வை மேல் விழுந்தது.

"அது என்னம்மா?"

"அதுவா? உடைசல் நாற்காலி சார். யாரும் உட்கார்ந்தே மாசக்கணக்காச்சு. சும்மா கிடக்கு."

அதிகாரி அவளை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். பேனாவை மூடினார். பேப்பர் கட்டுகளை இறக்கி, போர்வையை மடித்து வைத்துவிட்டு, சாவகாசமாக ஏறி உட்கார்ந்தார்.

"ஷேவ் பண்ணுங்க."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஜப்தி பண்ண வந்த இடத்துல ஓசி ஷேவ் வேறயா சார்?"

"நீ உள்ள போ" என்றார் கணவர். அவளா போவாள்?

சோப்பு நுரை போட்டு, கத்தியை எடுத்து, பத்து நிமிட வேலையை மூன்றே நிமிடத்தில் முடித்துவிட்டார் மனுஷர். பயத்தில் கை பறக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டாள்.

அதிகாரி காசை எடுத்து நீட்டினார்.

"பில் போடுங்க. தேதி, மணி ரெண்டும் இருக்கட்டும்."

பில்லைத் தன் பேப்பர்களோடு சேர்த்துக் குத்தினார். ஏதோ எழுதினார். பிறகு வாசித்துக் காட்டினார்.

"சலூன் நாற்காலி ஒன்று. சோதனையின்போது தொழிலில் பயன்பாட்டில் இருந்தது. ஜப்தி செய்ய இயலாது."

அவள் ஒன்றும் புரியாமல் விழித்தாள்.

"சும்மா கிடக்கிற சாமானைத்தாம்மா நாங்க தூக்கலாம். பிழைப்பு நடத்துற சாமான்ல கை வைக்கக் கூடாது. இனிமே எதையும் போர்த்தி வைக்காதீங்க. மீதி பாக்கிக்குத் தவணை கேட்டு திங்கட்கிழமை ஒரு மனு கொடுங்க."

டி.வி.யும் பீரோவும் வண்டியேறிப் போயின. அவள் நாற்காலியின் கைப்பிடியைத் தடவியபடி நின்றாள்.

"என் வாயாலேயே இதைத் தூக்கிக் கொடுக்கப் பார்த்தேனேங்க. அவரை ஓசின்னு வேற சொல்லித் தொலைச்சேன். நல்லவேளை, அந்த நேரம் பார்த்து அவருக்கு ஷேவ் பண்ணிக்கணும்னு தோணிச்சே. நம்ம அதிர்ஷ்டம்தான்."

சலூன்காரர் கத்தியைத் துடைத்த காகிதத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

வெள்ளை வெளேரென்று நுரை. அதில் ஒரு முடிகூட இல்லை.