கடைசி எழுத்தில் தொடங்கியவர்

ரோம் நகரத்தாரே, வாருங்கள்! நம் கடைத்தெருவில் நடந்த அநீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள்!

பார்வையிழந்த பிச்சைக்காரர் லேலியோ, ரொட்டிக்காரி ஓர்சோலாவிடம் போப்பாண்டவரின் வெள்ளிக்காசு ஒன்றை நீட்டினார். காவலன் பாய்ந்து அதைப் பறித்தான்.

“பிச்சைக்காரன் கையில வெள்ளியா? எங்கடா திருடினே?”

“என் சொந்தக் காசுய்யா. மூணு வருஷமாச் செலவழிக்க மனசு வரல. இன்னிக்குப் பசி தாங்கல.”

“உன்னோடதுன்னா அதுல என்ன எழுதியிருக்கு, சொல்லு பாப்போம்.”

“படிக்கத் தெரியாதுய்யா. எழுத்தெழுத்தாச் சொல்றேன். ஈ, எர்ரே, ஏ, பி...”

காவலன் காசைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான்.

“கடைசி எழுத்துலேர்ந்து பின்னாடி போறியே, நீ என்ன நண்டா?”

“ஐயா, இத நான்தான்...”

காவலன் அவர்மேல் கை நீட்டினான்.

“விட்டுடுங்கய்யா, கண்ணு தெரியாத மனுஷன்!” என்று ஓர்சோலா கதறினாள்.

“ஜெயில்ல எலிக்கெல்லாம் பாடம் நடத்தட்டும்!” என்று அவரை இழுத்துச் சென்றான்.

அவர் பிழையாகச் சொல்லவில்லை. அந்தக் காசுக்கு எஃகு அச்சு வெட்டியவரே லேலியோதான். காசில் நேராக விழ வேண்டிய எழுத்தை அச்சில் இடவலம் மாற்றி, கடைசி எழுத்து முதலில் வரும்படிதான் வெட்ட வேண்டும். அச்சு வெட்டிய இருபது ஆண்டுகளில் அவர் கண்ட வரிசை அது ஒன்றே. பறிபோன காசு, கண் அவிந்த நாளில் அவர் பெற்ற கடைசிக் கூலி.

அவர் வெட்டிய லத்தீன் வாசகத்தின் பொருள் இதுதான்: ‘ஏழைக்குக் கை நீட்டு.’

உங்கள் மடியிலுள்ள காசை எடுத்து அதைப் படியுங்கள். படித்த பின் வீட்டுக்குப் போகாதீர்கள். அவரை மீட்கச் சிறைவாசலுக்கு வாருங்கள்!