உள்ளிருந்து வந்த பதில்

"நான் சீல் வெச்ச நாலாயிரம் வீடும், ஒண்ணு விடாம, எனக்குப் பதில் சொல்லியிருக்கு!" என்று வங்கிக்காக வீடுகளைப் பூட்டும் மாமனார் கூசாமல் அளப்பார். பூட்டுமுன் "உள்ளே யாராவது இருக்கீங்களா?" என்று மூன்று முறை கூப்பிடுவது அவர் வேலையின் விதி.

"ஆயிரத்துல மூணு வீடுதான் மாமா ஜப்தியாகுது. இதுக்குப் போய் ஊரையே பயமுறுத்துறீங்களே" என்று சிரிப்பார், அந்த வங்கியில் புள்ளிவிவரம் எழுதும் மருமகன்.

இந்த மாதம் மருமகன் எழுதிய ஜப்திப் பட்டியலில் அவருடைய வீடே இருந்தது. மனைவியும் மகளும் மூட்டைகளோடு தெருவில் அவர் பக்கத்தில் நின்றார்கள். மாமனார் வாசலில் நின்று கூப்பிட்டார். மூன்றாம் முறை, காலி வீட்டுக்குள்ளிருந்து மூன்று குரல்கள் "இருக்கோம்" என்றன.

"கேட்டுச்சா மாப்ள?"

மருமகன் மகளின் வாயைப் பார்த்தார். அது மூடியே இருந்தது.

"கேட்டுச்சு மாமா. எங்க குரல்தான். பூட்டிடுங்க."